படைக்காத சோறு

லா சப்பல், பாரிஸ்
22.09.2013

அன்புள்ள மாமி அறிய ரூபி எழுதுவது,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? அனுப்பிய தைலத்தை ஒளித்து வைக்காமல் பூசுங்கள்.

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். சென் தெனியில் அண்ணன் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை. ரூ பஜோலுக்குப் பக்கத்துத் தெருவில், நாலாம் மாடியில், ஒரு சின்ன அறை எடுத்திருக்கிறேன். பிள்ளையாருக்குத் தேர் முடிந்துவிட்டது. வீதியைக் கழுவிய பிறகும் ஒன்றிரண்டு தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகள் நடைபாதை ஓரத்தில் கிடக்கின்றன.

வீட்டுக்காரியின் பெயர் எர்லிண்டா. பிலிப்பீன்ஸ் நாட்டுக்காரி, கோயில் பூசை தவறாத கத்தோலிக்க வேதக்காரி. ஐம்பது வயதிருக்கும். பணக்காரர் வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள். நான் மரக்கறி வெட்டுகிற சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில் உள்ள தமிழ்க் கடைக்கு வாழையிலையும் தேங்காய்ப்பாலும் வாங்க வருவாள், அப்படித்தான் பழக்கம். இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சுதான். சுற்றி வளைத்துக் கதைக்க முடியாது, அதுவே நிம்மதி.

இவர்களுக்குச் செப்டெம்பர் பிறந்தாலே, இயேசு பாலன் பிறக்கிற நத்தாரும் பிறந்த மாதிரியாம். அதற்குள் பெட்டியில் இருந்து ஐந்து முனை நட்சத்திர வெளிச்சக்கூடு ஒன்றை எடுத்து யன்னலில் தொங்கவிட்டு விட்டாள். புத்தரின் வெசாக்குக்கு நாங்கள் வீதியில் பார்க்கும் வெளிச்சக்கூடு போலத்தான், ஆனால் சிப்பியில் செய்தது. “நத்தாருக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு, இப்பவே ஏன்?” என்று கேட்டேன். “தூரத்திலை இருந்து வாற ஆக்களுக்கு நேரம் வேணுமெல்லோ” என்றாள்.

உங்கள் மகனைப் பற்றி ஏதும் அறிந்தீர்களா? காணாமல் போனவர்களைப் பதிவெடுக்க வந்தவர்கள் திரும்ப வந்தார்களா? ஒரு சொல்லென்றாலும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
வசந்தரூபி


புதுக்குடியிருப்பு
16.10.2013

அன்பு மருமகளுக்கு மாமி தங்கேஸ்வரி எழுதிக்கொள்வது,

கடவுள் புண்ணியத்தில் எழும்பி நடமாடுகிறேன். உன் சுகத்தை இந்தக் கடிதம் கண்டவுடன் எழுது. ஷெல்லோடு காது போனதில் இருந்து, ரெலிபோனில் யார் கத்தினாலும் எனக்குத் தண்ணீருக்குள் கதைப்பது போலத்தான். ஆகையால் கடிதத்தை விட்டுவிடாதே.

மழை தொடங்கிவிட்டது. கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை, கீழே வாளி வைத்திருக்கிறேன். மாங்கன்று பிழைத்துக்கொண்டது. கலைமாறனின் படத்தைத் தூக்கிக்கொண்டு, காணாமல் போனவர்களைக் கேட்கும் போராட்டத்துக்கு வவுனியாவுக்குப் போன மாதமும் போனேன். நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். படத்தை வெயிலில் பிடித்துப் பிடித்து அவன் முகம் வெளிறிவிட்டது. இனிப் போகமாட்டேன் என்று நினைக்கிறேன், கால் ஏலாது.

நீ ஏன் அண்ணன் வீட்டை விட்டாய் என்று நான் கேட்கவில்லை. அந்நிய வீட்டில் கவனமாக இரு. உனக்குக் கனவு ஏதும் வருகிறதா?

வேறு புதினம் ஒன்றும் இல்லை.

மாமி


லா சப்பல்
03.11.2013

அன்புள்ள மாமிக்கு,

எனக்குத் தடிமன், வேறு வருத்தம் இல்லை. உங்கள் கூரையை ஆரையாவது கொண்டு அடைக்கச் சொல்லுங்கள்.

நேற்று இவர்கள் இறந்தவர்களை நினைக்கும் நாள். எர்லிண்டா வேலைக்குப் போகவில்லை. தேங்காய்ப்பாலில் பசையரிசி கிண்டி, வாழையிலை விரித்து, அவித்த முட்டை, வெற்றிலை, ஒரு சுருட்டு, கொஞ்சம் சாராயம் எல்லாம் எடுத்து வைத்தாள். நாங்கள் படைக்கிற மாதிரியே, மாமி. அவள் ஊர்ப் பாஷையில் இதற்கு ‘ஆத்தாங்’ என்று பெயராம். செத்தவர்களுக்கு முதலில் வைக்காமல் உயிருள்ளவர்கள் கை நனைக்கக் கூடாதாம். கப்பலில் வேலை செய்யும்போது தவறிப்போன புருஷனுக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பை, தாய்க்கும் தகப்பனுக்கும் ஒவ்வொன்று. புருஷனின் செத்தவீட்டுக்கு அவளால் போக முடியவில்லையாம், அப்போது விசா இல்லை. மிச்சமிருந்த வெறும் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

“உன்ர ஆக்களுக்கும் வை.”

அப்பாவின் பெயரைச் சொல்லி வைத்தேன்.

“மற்றவருக்கு?”

“எந்த மற்றவர்?”

“படியிலை நிக்கிறவருக்கு.”

ஒரு கிழமையாக எங்கள் படியில் ஓர் ஆம்பிளை நிற்கிறாராம். என் நிறமாம். முழங்காலுக்கு மேல்வரை ஈரமாம். செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்திருக்கிறாராம். “உள்ளை வாரும் எண்டு நான் சொல்லிப் பாத்தன். நீ சொல்லவேணும் எண்ட மாதிரி நிக்கிறார்” என்றாள். கடைக்கு யார் வந்து போனார்கள் என்று சொல்வது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தது என்ர அப்பா மட்டும்தான் என்று கத்தினேன். ‘நீயும் அம்மாவும் முதல்லை நடவுங்கோ, நான் பின்னாலை வாறன்’ என்று அன்றைக்கு எங்களை அனுப்பியவர் வருவார் என்றுதானே நாலரை வருடமாக நீங்களும் நானும் இருக்கிறோம்? அவள் தன் ஆட்களுக்குச் சாராயம் ஊற்றப் போய்விட்டாள். ஆனால் பின்னேரம் பானையைத் திறந்தால், மத்தியானம் வடித்த சோறு நூல்விட்டிருந்தது. இந்தக் குளிரில், மாமி.

இதை எழுதியிருக்கக் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

ரூபி


லா சப்பல்
17.11.2013

அன்புள்ள மாமிக்கு,

நான் நலம். என் கடிதம் கிடைத்ததா? மனம் நொந்துபோனீர்களா? அப்படியென்றால் அதையாவது எழுதுங்கள்.

சோறு பிறகும் இரண்டு தரம் பழுதாகிவிட்டது. எர்லிண்டா ஏசவில்லை, பானையைக் கழுவி வைக்கிறாள். “வீட்டிலை ஒருத்தர் பசியோடை இருந்தால் அடுப்பு இப்பிடித்தான் செய்யும்” என்கிறாள். நான் நம்பவில்லை. நம்பாமலே, படியேறும்போது சுவரோடு ஒட்டி ஏறுகிறேன். யாருக்கோ இடம் விட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து போனார். ஏதேதோ கதைத்தார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

ரூபி


புதுக்குடியிருப்பு
19.11.2013

அன்பு மருமகளுக்கு,

சுகம். உன் மூன்றாம் திகதிக் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அந்தப் பெண் வேறு என்ன கண்டாள்? செருப்பு எந்தக் கையில்? இரண்டும் ஒரே கையிலா? நீ ஒன்றும் சொல்லிக் கொடுக்காமல் அவள் வாயால் வருவதை மட்டும் கேட்டு உடனே எழுது.

தலைக்கு முழுகினால் நன்றாகத் துவட்டு. தடிமனோடு வேலைக்குப் போகாதே.

மாமி


லா சப்பல்
03.12.2013

அன்புள்ள மாமிக்கு,

தடிமன் விட்டுவிட்டது. உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது.

கேட்டேன். எர்லிண்டா கோழிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, உப்பு ஒட்டிய இடக்கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். “ரெண்டும் இந்தக் கையிலை. நனையவிடாமல் பிடிக்கிற மாதிரி.”

இதை ஏன் கேட்டீர்கள், மாமி? உங்களுக்குத் தெரிந்தது எதையோ எனக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

நத்தாருக்கு முன் ஒன்பது நாள் இவர்களுக்குத் தொடர்ந்து பூசை. அவர்கள் ஊரில் என்றால் சேவல் கூவ முன்னம் எழும்பி, பூசை முடிந்து வாசலில் வாழையிலையில் சுட்ட அரிசியப்பம் வாங்கிச் சாப்பிடுவார்களாம். இங்கே எல்லாரும் வேலைச் சனம் என்பதால் பின்னேரத்தில் வைக்கிறார்கள். ஒன்பதையும் தவறாமல் கண்டால் மனதில் நினைத்தது நடக்குமாம். எர்லிண்டா என்னையும் கூப்பிட்டாள், வருகிறேன் என்றேன். என்ன நினைக்கப் போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ரூபி


புதுக்குடியிருப்பு
14.12.2013

அன்பு மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. குலசேகரம் மாஸ்டரின் மகள் அடுத்த கிழமை பிரான்சுக்கு வந்து இறங்குகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி. நின்றுகொண்டு படிக்காதே.

நீ வீடு மாறினாய் என்று எழுதிய கடிதம் வந்த அதே கிழமை, செசில் என்றொரு பெடியன் இங்கே வந்தான். தடுப்பு முகாமில் இருந்து விட்ட பிறகு எங்களைத் தேடித் திரிந்திருக்கிறான். அவனும் கலைமாறனும் சண்டையின் கடைசி நாள் நந்திக்கடலுக்குள் ஒன்றாக இறங்கியவர்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல். கலைமாறன் செருப்பைக் கழற்றி இடக்கையில் தூக்கிப் பிடித்தானாம். “உயிர் போகப்போகுது, உனக்குச் செருப்போ?” என்று இவன் ஏசியிருக்கிறான். “அக்கரை முழுக்க முள்ளு. ரூபி வெறுங்காலோடை போனவள். கண்டவுடனை குடுக்கவேணும்” என்றானாம்.

பிறகு ஒரு சத்தம். செசில் திரும்பிப் பார்த்தபோது தண்ணீருக்கு மேல் கையும் இல்லை, செருப்பும் இல்லை.

அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அழவில்லை. அன்றைக்கே உனக்கு எழுத இருந்தேன். மாங்கன்றைப் பற்றி எழுதினேன், கூரையைப் பற்றி எழுதினேன், வேறு புதினம் இல்லை என்று முடித்தேன். மகன் இல்லையென்றால் நான் உனக்கு என்ன முறை, பிள்ளை? ‘மாமி’ என்று எழுதி எனக்கு யார் கடிதம் போடுவார்?

செருப்புக் கதையை நான் ஒரு மனிதருக்கும் சொல்லவில்லை. அங்கே இருக்கும் ஒரு வேதக்காரிக்கு அது எப்படித் தெரியும்? அவன் வழி விசாரித்து உன்னிடம்தான் வந்திருக்கிறான். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டான், சின்ன வயதிலேயே அப்படித்தான்.

கூப்பிட்டுப் படை. ஐயரும் வேண்டாம், நாளும் பார்க்க வேண்டாம். அந்தப் பெண் எப்படிச் செய்கிறாளோ அப்படியே செய். கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வை. தண்ணீர் வைக்க மறந்துவிடாதே.

மாமி


லா சப்பல்
29.12.2013

அன்புள்ள மாமிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் சொன்னபடி இருந்துகொண்டுதான் படித்தேன். பிறகும் சப்பாத்தோடு அப்படியே இருந்தேன். எர்லிண்டா வந்து பார்த்துவிட்டு என் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டாள்.

அன்று ஐந்தாவது பூசை. போனேன். ஒன்பதையும் கண்டு முடித்தேன். முதல் நான்கு நாளும் நான் நினைத்தது அவர் திரும்பி வரவேண்டும் என்று அல்ல, மாமி. இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தால் போதும் என்றுதான். ஒன்பது முடியும்வரை காத்திராமல் தந்துவிட்டார்கள்.

நத்தாருக்கு முதல்நாள் பூசைக்கு முன் மண்டபத்தில் ஒரு கூத்து. மாதாவும் சூசையப்பரும் பிள்ளை பெற இடம் தேடிப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீடும் ‘இடமில்லை’ என்று பாடிக் கதவைச் சாத்தும். ஒரு வீட்டுக்கு ஆள் குறைகிறது என்று என்னைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள், வாயை அசைத்தால் போதும் என்றார்கள். தட்டினார்கள். நான் கதவை அகலத் திறந்துவிட்டேன். சனம் சிரித்தது. சூசையப்பராக வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டார். எர்லிண்டா மட்டும் சிரிக்கவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். நத்தார் பிறக்கும் நேரத்தில் எல்லாரும் கூடி இருந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அவள் ஆத்தாங் வைத்தாள். நான் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன், தண்ணீரும் வைத்தேன். படிக்கதவைத் திறந்து விட்டோம்.

“நீதான் கூப்பிடவேணும். உன்ர பாஷையிலை” என்றாள்.

என்னவென்று கூப்பிடுவது? ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இஞ்சாருங்கோ” என்றேன். இத்தனை வருடமாக வாயில் வராத சொல். “இஞ்சாருங்கோ, உள்ளுக்கு வாங்கோ. சாப்பாடு ஆறுது.”

நான் ஒன்றும் காணவில்லை. படியில் விளக்கு அணைந்தது, அது எப்போதும் தானாக அணைகிற விளக்குத்தான். எர்லிண்டா எழும்பிக் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டாள், ஒருவர் வந்து இருக்கும்போது செய்கிற மாதிரி. அவரிடம் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். கடைசியில், “எனக்கு இப்ப சப்பாத்து இருக்கு. நீங்கள் செருப்பைப் போடுங்கோ” என்று மட்டும்தான் சொன்னேன்.

விடியச் சோறு பழுதாகவில்லை. அதைத்தான் இருவரும் சாப்பிட்டோம். அவள் படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “போயிட்டார்” என்றாள்.

“எங்கை?”

“தெரியாது. நல்ல வேகமா இறங்கிப் போனார்.”

இனி நானும் ஒன்றை எழுத வேண்டும். அண்ணன் வீட்டை விட்டது இடம் போதாமல் அல்ல. ஸ்ரீஸ்கந்தராசா என்று ஒருவர், ஒபர்வில்லியேயில் துணிக் கிடங்கில் வேலை. மனைவியை இழந்தவர். அதிகம் கதைக்காத ஆள். அவரைக் கலியாணம் செய் என்று அண்ணன் நெருக்கினார். ‘என்ர மனுசன் இருக்கேக்கை எப்பிடி?’ என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். இப்போது அந்தப் பதில் என்னிடம் இல்லை. மாசி முடிய முன் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ரூபி


லா சப்பல்
31.01.2014

அன்புள்ள மாமிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஒரு மாதமாக உங்களிடம் இருந்து கடிதம் இல்லை. புதுக்குடியிருப்பில் இருந்து வந்த ஒருவரிடம் விசாரித்தேன், நீங்கள் சந்தைக்குப் போய் வருவதைக் கண்டதாகச் சொன்னார்.

தையில் குழந்தை இயேசுவின் திருநாளும் கழிந்துவிட்டது. அன்றைக்கு மண்டபத்தில் சின்னச் சொரூபங்களைக் கையில் தூக்கிக்கொண்டு மேளத்துக்கு ஆடினார்கள். அடுத்தநாள் எர்லிண்டா வெளிச்சக்கூட்டை இறக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். யன்னல் வெறுமையாகக் கிடக்கிறது.

கோபமா, மாமி? கோபம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். நான் அண்ணனுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

ரூபி


புதுக்குடியிருப்பு
12.02.2014

அன்பு மகள் வசந்தரூபிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. கோபம் இல்லை. ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஓம் என்று சொல். உன் முப்பத்தொரு வயது ஒரு வயதா? கலியாணத்தன்று என் கணக்கில் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வை. அவர் என்ன சாப்பிடுவார், என்ன குணம் என்று எனக்கு எழுது. எழுதும்போது பயந்து பயந்து எழுதாதே. எர்லிண்டாவுக்கு என் நன்றியைச் சொல்.

நான் எழுதாமல் இருந்த காரணம் வேறு.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் நாய் படுத்திருந்தது. பிறத்தியார் வந்தால் அது குரைத்துக்கொண்டு பாயும், எனக்கென்றால் வாலாட்டும். அன்றைக்கு இரண்டும் செய்யவில்லை. எழும்பி, ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டது. அதற்குப் பிறகு வாசலில் கிடக்கும் கதிரையில் அது ஏறிப் படுப்பதில்லை.

நான் பிரமை என்றுதான் இருந்தேன். நாலைந்து நாள் கழித்துப் பக்கத்து வளவு மரியகொறற்றி வந்து, என் காதுக்குக் கத்த ஏலாமல், கடதாசியில் எழுதிக் காட்டினாள்: ‘உங்கடை வாசல்லை ஓர் ஆம்பிளை இருக்கிறார். ஆர் வந்தது?’

“மகன்” என்றேன்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனவள், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

உன்னிடம் சாப்பிட்டுவிட்டு அவன் நேரே இங்கேதான் புறப்பட்டிருக்கிறான். அவ்வளவு தூரத்தையும் நடந்தே வந்திருப்பான். பசித்திருக்கும்.

கூப்பிட்டுப் படை என்று உனக்கு எழுதியவள் நான்தான். நீ படைத்தாய், அவன் எழும்பிப் போனான். உன்னை விட்டுப் போக அவனுக்கு இந்த வீடு இருந்தது. இங்கிருந்தும் எழும்பிப் போனால், பிறகு அவன் எங்கே போவான்?

ஒவ்வொரு நாளும் கத்தரிக்காய் பொரிக்கிறேன். சோறு வடிக்கிறேன். கோப்பையைக் கழுவித் துடைக்கிறேன். எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, வாசலுக்குப் போகாமல், அடுப்படியிலேயே இருந்துவிடுகிறேன். படைக்கவில்லை. விடியப் பார்த்தால் சோறு பழுதாகியிருக்கும். பின்வளவில் கொட்டிவிட்டுத் திரும்ப அரிசி களைகிறேன்.

பெற்ற பிள்ளையைப் பசியோடு வாசலில் இருத்தி வைத்திருக்கிற தாய் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டாள். எனக்குத் தெரியும். எர்லிண்டாவிடம் இதைச் சொல்லாதே. படை என்பாள்.

பங்குனியில் படைக்கிறேன், பிள்ளை. பங்குனியில் முடியாவிட்டால் சித்திரையில்.

கலைமாறனின் அம்மா